ஒரே கோயில், இரண்டு வாசல்: கிராமத்துப் பங்குகளின் கதை



நம் ஊரில் டேனிஷ் மிஷன் பள்ளியைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். உங்களில் சிலர் அங்கேயே படித்திருப்பீர்கள். ஆனால் டென்மார்க்குக்கும் திருவண்ணாமலைக்கும் என்ன சம்பந்தம் என்று எப்போதாவது யோசித்ததுண்டா? அந்தத் தொடர்பின் வேரைத் தேடிப் போனால், யார் பக்கத்தில் யார் உட்காருவது, யாரோடு யார் சாப்பிடுவது என்ற ஒரு பழைய சண்டையில் போய் நிற்போம். தமிழ்நாட்டுக் கிராமத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் இருநூறு ஆண்டுகளாக நடந்துவரும் சண்டை அது. ஒரே வளாகத்தில் சேர்ந்து வாழும் நமக்கும் அதில் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

பங்கு என்றால் என்ன?

கத்தோலிக்கக் கிராமங்களில் மாதா கோயிலையும் அதைச் சேர்ந்த குடும்பங்களையும் ஒன்றாகச் சேர்த்து 'பங்கு' என்பார்கள். கோயிலை நடத்துபவர் பங்குச் சாமியார். அவர் வராத நாட்களில் செபம் சொல்லவும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித்தரவும் ஓர் உபதேசியார் இருப்பார். காலையும் மாலையும் மணி அடிக்கும். வயலில் இருப்பவர்களுக்கு அதுதான் கடிகாரம். ஒவ்வொரு குடும்பமும் கோயில் வரி கட்டும். நாம் மாதாமாதம் கட்டும் பராமரிப்புத் தொகை போலத்தான். கட்டாதவர்களைப் பற்றி அங்கேயும் முணுமுணுப்பு உண்டு!

ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாவலர் திருவிழா வரும். கொடியேற்றம், நாள்தோறும் நவநாள் செபம், கடைசி இரவில் தேர்பவனி. ஒவ்வொரு நாள் செலவையும் ஒரு குடும்பமோ தெருவோ ஏற்றுக்கொள்ளும். நம் கோயில் திருவிழாக்களின் மண்டகப்படிதான் இது. பல ஊர்களில் தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைப் பாஸ்கா நாடகமாக ஊர்க்காரர்களே நடிப்பார்கள். சமீபகாலமாக இருபது முப்பது வீடுகளைச் சேர்த்து 'அன்பியம்' என்ற சிறு குழுக்கள் அமைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு வீட்டில் கூடி, செபம் முடிந்ததும் யார் வீட்டில் நோய், யாருக்கு வேலை இல்லை என்று பேசிக்கொள்வார்கள்.

பயணங்களும் பங்கு வாழ்க்கையில் சேர்ந்தவை. ஆகஸ்ட் கடைசியில் கடலூர், சிதம்பரம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: காவி உடுத்தி, மாதா சொரூபம் வைத்த சிறு வண்டியோடு கூட்டம் கூட்டமாக வேளாங்கண்ணிக்கு நடப்பார்கள். ஆகஸ்ட் 29 அன்று கொடியேற்றம், செப்டம்பர் 8 அன்று பெருவிழா. நம் மாவட்டத்திலேயே போளூர்–வந்தவாசி சாலையில் உள்ள சேத்துப்பட்டு லூர்து மாதா கோயிலுக்கும் சுற்றுவட்டாரப் பங்குகளிலிருந்து மக்கள் வருகிறார்கள்.

கேட்க இனிமையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இந்தக் கொண்டாட்டங்களில் எல்லோருக்கும் எப்போதும் ஒரே இடம் இருந்ததில்லை.

சேர்ந்து சாப்பிடுவீர்களா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சாவூர் வட்டாரத்துச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் கோயிலுக்குள் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை உடனே, முழுமையாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். பலர் கோபித்துக்கொண்டு சபையை விட்டே வெளியேறினார்கள். தஞ்சையின் புகழ்பெற்ற கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரும் அந்த ஆணையை எதிர்த்தவர்களில் ஒருவர்.

1850-இல் சென்னையில் கூடிய புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது; தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்டவர் சமைத்த உணவை உண்ணத் தயாராக இருப்பதே அதற்குச் சான்று என்று முடிவெடுத்தார்கள். இதற்காகவே 'அன்பின் விருந்து' என்ற பொது விருந்துகள் நடந்தன. ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் மட்டும் இதற்கு ஒப்பவில்லை. சாதி ஒரு சமூக வழக்கம், போதனையால் மெல்ல மெல்லத்தான் மாறும், கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

அந்த மிஷனுக்குள்ளேயே இதை ஏற்காத ஒருவர் இருந்தார். பெயர் கார்ல் ஓக்ஸ். சாதி விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது என்று லைப்சிக் மிஷனிலிருந்து பிரிந்தார். நெல்லிக்குப்பம் அருகே மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாகப் பணி தொடங்கினார். கையில் பணமில்லை, பின்னால் பெரிய சங்கமும் இல்லை. 1860-களில் டேனிஷ் மிஷனரி சங்கம் அவரோடு கைகோத்தது. அங்கிருந்து திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று அந்தப் பணி பரவியது. ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் நம் ஊர் டேனிஷ் மிஷன் பள்ளியும் இந்த வரிசையில் வந்தவைதான்.

வடக்கன்குளத்தின் சுவர்

பத்திரிகைகளிலும் நீதிமன்றத்திலும் பேசப்பட்ட கதை வடக்கன்குளத்தினுடையது. திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், காவல்கிணறுக்கு அருகில் இருக்கிறது இந்தக் கிராமம். பழமையான கத்தோலிக்கப் பங்கு. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசுப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை 1745-இல் இங்கேதான் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். உயர்வு தாழ்வு பாராமல் எல்லோருடனும் பழகினார் என்பதை அவருடைய வாழ்வின் முக்கிய அடையாளமாகத் திருச்சபை சொல்கிறது.

அப்படிப்பட்டவர் திருமுழுக்குப் பெற்ற ஊரில் 1872-இல் ஒரு புதிய கோயில் எழுந்தது. திருக்குடும்பக் கோயில். அதன் அமைப்பைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு பீடம், அதிலிருந்து இரண்டு கால்கள் போல விரியும் இரண்டு நீண்ட கூடங்கள், நடுவில் சுவர். ஒரு கூடம் வேளாளருக்கு, மற்றது நாடாருக்கு. இரு தரப்பாருக்கும் பீடமும் சாமியாரும் தெரிவார்கள். ஒருவருக்கொருவர் தெரிய மாட்டார்கள். ஒரே பூசை, ஒரே செபம், தனித்தனி வாசல். 'கால்சட்டைக் கோயில்' என்று கேலியாகப் பெயர் வந்துவிட்டது.

இதைக் கட்டியவர்களை முட்டாள்கள் என்று எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். இரண்டு தரப்பும் ஓயாமல் மோதிக்கொண்ட ஊரில் இது ஒரு சமரசம். சண்டை வேண்டாம், ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள் என்ற ஏற்பாடு. சங்கக் கூட்டங்களில் வாகன நிறுத்துமிடச் சிக்கலுக்கு நாம் கண்டுபிடிக்கும் தீர்வுகளும் பலமுறை இப்படித்தான் இருக்கின்றன. ஆனால் சுவர் கட்டினால் சண்டை முடிவதில்லை. அது கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதப்பட்டு நிலைத்துவிடுகிறது. வெளியே தெருவில் இருந்த பிரிவுக்குக் கோயிலே முத்திரை குத்தியதுபோல் ஆயிற்று.

முப்பத்தெட்டு ஆண்டுகள் நின்ற அந்தச் சுவரை 1910-இல் இடித்தார்கள். அதை முன்னின்று செய்தவர் பிரெஞ்சு சேசுசபைச் சாமியார் கௌசானல். பாளையங்கோட்டை இருதய சகோதரர்கள் சபையைத் தொடங்கியவர் என்று தென்மாவட்டக்காரர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். சுவர் போனதை வேளாளர் தரப்பு ஏற்கவில்லை. எங்களுக்கென்று இருந்த இடம் எங்கள் உரிமை, சுவரைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். வழக்கு மதராஸ் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. சுவர் திரும்ப எழவில்லை.

2022 மே 15 அன்று ரோமில் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்கு முன்பே அவருடைய அதிகாரபூர்வப் பெயரிலிருந்து 'பிள்ளை' என்ற சாதிப் பெயரை நீக்கிவிட்டார்கள்.

சுவர் போனாலும் தெரு இருக்கிறது

கதை இங்கே சுபமாக முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். கோயிலுக்குள் சுவர் இல்லாத ஊர்களிலும் தேர் எந்தத் தெருவில் போகும், சவ ஊர்வலம் எந்த வழியாகப் போகும், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பக்கம் என்ற கேள்விகள் மிஞ்சின. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் ஒன்று நின்றது. அதை அகற்றக் கோரிப் போராட்டங்கள் நடந்தன.

நமக்கு இன்னும் அருகில், உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூர். பெரிய, பழைய பங்கு. அங்கே தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பாதை, தனி சவ வண்டி, தனிக் கல்லறை என்று ஒதுக்கப்பட்டிருப்பதாகப் பல ஆண்டுகள் முறையிட்டார்கள். தங்களுக்கென்று தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் ஊரின் பெரும்பான்மைச் சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒரே மாதாவைக் கும்பிடும் மக்கள். ஒரே தெருவில் நடப்பதற்காக இத்தனை விலை.

இதெல்லாம் கிறிஸ்தவர்கள் சமாச்சாரம் என்று யாரும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் முதன்முதலாக நுழைந்ததே 1939 ஜூலை 8 அன்றுதான். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. இன்று நாம் சாதாரணமாக நினைக்கும் எத்தனையோ வாசல்கள் நம் தாத்தா காலத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை.

அசனம்

மனதுக்கு ஆறுதலான ஒரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிறிஸ்தவக் கிராமங்களில் ஆண்டுதோறும் 'அசனம்' நடக்கும். ஊர் முழுக்கச் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உண்ணும் விருந்து. அரிசி ஒருவர் தருவார், ஆடு ஒருவர் தருவார், விறகு ஒருவர், உடல் உழைப்பு மற்றவர்கள். முதல் நாள் இரவே காய் நறுக்கும் கூட்டம் உட்கார்ந்துவிடும். சென்னையிலும் மும்பையிலும் வேலை பார்ப்பவர்கள் அதற்கென்றே விடுப்பு எடுத்து ஊருக்கு வருவார்கள். வர முடியாத முதியவர்களுக்குத் தூக்குவாளியில் வீட்டுக்குப் போகும். பல ஊர்களில் அக்கம்பக்கத்து இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து சாப்பிடுவார்கள்.

அசனத்தின் சிறப்பு சாப்பாட்டின் ருசியில் மட்டும் இல்லை. 1850-இல் பரீட்சையாக வைக்கப்பட்டபோது பலரை விரட்டிய பொது விருந்தை, இங்கே ஊரே எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. கட்டாயப்படுத்தியா, காலம் போகவிட்டா என்ற பழைய வாதத்தில் இரண்டு பக்கமும் பாதிதான் சரி என்று எனக்குப் படுகிறது. ஆணை மட்டும் போட்டபோது மக்கள் வெளியேறினார்கள். காலம் பார்த்துக்கொள்ளும் என்று விட்ட இடங்களில் சுவர் எழுந்தது. அண்டாவைச் சுற்றி எல்லோரும் சேர்ந்து வேலை செய்யும் ஊரில், யார் சமைத்தது என்று கேட்பதற்கு இடமே இல்லாமல் போகிறது.

நம் பந்தி

நம் வளாகத்தில் கோயில் வரி இல்லை, பராமரிப்புத் தொகை இருக்கிறது. பங்குப் பேரவை இல்லை, சங்க நிர்வாகக் குழு இருக்கிறது. தேர்பவனி இல்லை, பொங்கல் விருந்தும் ஆண்டுக்கொரு பஸ் பயணமும் இருக்கின்றன. வீட்டுவேலைக்கு வருபவர்களுக்குத் தனி லிஃப்ட் என்று அறிவிப்பு ஒட்டும் குடியிருப்புகளைப் பற்றி நகரங்களிலிருந்து செய்தி வருகிறது. அவர்களும் தங்கள் ஏற்பாட்டை வசதி என்றுதான் சொல்கிறார்கள். வடக்கன்குளத்தில் சுவர் கட்டியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த பொங்கல் விருந்தில் செக்யூரிட்டி அண்ணன்களும், துப்புரவு செய்யும் அக்காக்களும், தோட்டக்காரரும் கடைசிப் பந்தியில் மிச்சம் சாப்பிடாமல், முதல் பந்தியில் நம்மோடு குடும்பமாக உட்காரட்டும். பரிமாறும் வேலையை நாம் எடுத்துக்கொள்வோம். பஸ் பயணத்தில் அவர்களுக்கும் இரண்டு வரிசை ஒதுக்குவோம் என்று சொல்லப்போவதில்லை. ஒதுக்கினால் அதுவும் ஒரு சுவர்தான். பெயர் கொடுத்த வரிசைப்படி யாருக்கு எந்த இருக்கை வருகிறதோ அதில் உட்காரட்டும். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரிலும் யார் முன்னால் போகிறார், யார் பின்னால் வருகிறார் என்று பார்க்காமல் நடக்கத் தெரிந்த ஊர்க்காரர்கள் நாம். இது நமக்குக் கடினமில்லை.

இந்த ஆண்டுப் பயணம் எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை. கன்னியாகுமரி என்று முடிவானால், காவல்கிணறு வந்ததும் ஓட்டுநரிடம் சொல்லி வடக்கன்குளத்துக்குத் திரும்பச் சொல்லுங்கள். திருக்குடும்பக் கோயிலில் அரை மணி நேரம் இருந்து பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அந்தச் சுவரின் கதையை நீங்களே சொல்லுங்கள். கட்டியதையும் சொல்லுங்கள், இடித்ததையும் சொல்லுங்கள்.