இந்திய ஓநாய்ப் பாதுகாப்பு

இந்திய ஓநாய் சாம்பல் ஓநாயின் துணையினம். வளர்ந்தது சுமார் 20 கிலோ எடை இருக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, நாடெங்கும் வளர்ந்த ஓநாய்கள் ஏறத்தாழ 3,100 மட்டுமே என மதிப்பிட்டது. அதே ஆண்டுக் கணக்கெடுப்பில் புலிகளின் சராசரி எண்ணிக்கை 3,682. புலிக்குக் கிடைத்த கவனத்தில் சிறு பங்குகூட ஓநாய்க்குக் கிடைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

அடர்ந்த வனம் இதன் வாழிடம் அன்று. புல்வெளி, முட்புதர், ஆடு மேயும் மானாவாரி நிலம் ஆகியவற்றில்தான் வாழும். எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டின் பரமத்தி வேலூர் வட்டாரத்தில் காவிரி வாய்க்கால் எட்டும் இடமெல்லாம் வாழையும் வெற்றிலையும். அதைத் தாண்டினால் மழையை நம்பிய மேட்டுக்காடு. கொங்குச் சமவெளியின் கொறங்காடுகளில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்க, மேச்சேரி ஆடுகள் மேயும். இத்தகைய நிலங்களை அரசுப் பதிவேடுகள் பல மாநிலங்களில் தரிசு என்றே குறிக்கின்றன. ஆலைக்கும் சூரிய மின்தகடுகளுக்கும் அவை முதலில் போவது அதனால்தான். ஓநாய்க்கென முதல் சரணாலயம் 1976இல், இன்றைய ஜார்க்கண்டின் மகுவாடாண்டில் அமைந்தது. கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்தில் பங்காபூர் பின்னர் சேர்ந்தது.

கூண்டில் இனப்பெருக்கம் செய்து இனத்தை மீட்க முடியும் என்பதற்கு அமெரிக்கச் செந்நிற ஓநாய் சான்று. 1980இல் காட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட அது, 14 விலங்குகளின் வழிவந்த ஓநாய்களைக் கொண்டு 1987இல் வட கரோலினாவில் மீண்டும் விடப்பட்டது. கூண்டில் பிறந்து கண் திறக்கும் பருவத்திலுள்ள குட்டிகளைக் காட்டுத் தாயின் வளைக்குள் சேர்ப்பதும் உண்டு. வளையின் மண்ணையும் மணத்தையும் பூசிவிட்டால், தாய் அவற்றைத் தன்னுடையவையாகவே வளர்த்துவிடுகிறது. இந்தியாவில் ஜெய்ப்பூரிலும் ஜூனாகத்தின் சக்கர்பாக்கிலும் ஓநாய் இனப்பெருக்கம் நடக்கிறது. ஆனால் மேய்ச்சல் நிலம் இல்லாத இடத்தில் குட்டிகளை விட்டுப் பயனில்லை.

நிலத்தைக் காப்பதைவிடக் கடினமானது மேய்ப்பரின் இசைவைப் பெறுவது. 2024இல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ரைச்சில் ஓநாய்த் தாக்குதல்களில் குழந்தைகள் இறந்தபின் அச்சம் நாடெங்கும் பரவியது. ஒரே இரவில் இரண்டு மூன்று ஆடுகளை இழந்த குடும்பத்திடம் ஓநாயின் பெருமையைப் பேசுவது முறையன்று. முள்வேலி உறுதியான பட்டி, காவல் நாய், காலத்தில் கைக்கு வரும் இழப்பீடு ஆகியவை கிடைத்தால் நஞ்சு வைக்கும் கை தயங்கும்.

தெருநாய்களால் வரும் கேடு தனி. வெறிநோயும் நாய் டிஸ்டெம்பரும் அவற்றிடமிருந்து பரவுகின்றன. புனே அருகே நாயும் ஓநாயும் கலந்து பிறந்த விலங்கு இருப்பது 2023இல் மரபணுச் சோதனையில் உறுதியானது. எனவே ஓநாய் வாழும் ஊர்களில் நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்வது பாதுகாப்பின் முதல் வேலைகளில் ஒன்றாகிறது.