குதிரையிலிருந்து வந்த ஹார்மோன் மாத்திரையின் கதை

போன மாசம் ஓபியில 53 வயசு அம்மா ஒருத்தங்க கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில வச்சாங்க. "டாக்டர், இது குதிரை மூத்திரத்துல செய்யறதாமே, நெசமா?"

நெசம்தாங்கம்மான்னேன். ஆனா அவங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. அதைச் சொல்லணும்னா முதல்ல குதிரை லாயத்துக்குப் போகணும். கொஞ்சம் நீளமான இழை மக்களே, பொறுமையா வாங்க.

1930, பெர்லின். பெர்ன்ஹார்ட் சோண்டெக்னு ஒரு மகப்பேறு மருத்துவர். எலியை வச்சுக் கர்ப்பத்தைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையைச் சில வருஷம் முன்னாடிதான் ஆஷ்ஹைமோட சேர்ந்து உருவாக்கியிருந்தார். அவர்தான் சினைக் குதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் கொட்டிக் கிடப்பதைப் பார்த்தார். 1933-ல யூதர் என்பதால் நாஜிகள் வேலையிலிருந்து தூக்கினாங்க. நாட்டை விட்டுப் போன பிறகு, 1934-ல இன்னொரு குண்டு போட்டார்: ஆண் குதிரையின் சிறுநீரிலும் அதே பெண் ஹார்மோன் ஏராளம்!

சரி, சினைக் குதிரைக்கு ஏன் இவ்வளவு? வயித்துல இருக்கிற குட்டிதான் காரணம். சினையின் பிற்பாதியில அந்தக் குட்டியோட விதைப்பையோ சினைப்பையோ, அம்மாவோட சினைப்பையை விடப் பெருசா வளர்ந்துடும். அது மூலப்பொருளைச் செஞ்சு அனுப்ப, நஞ்சுக்கொடி அதை ஈஸ்ட்ரோஜனா மாத்தும். குட்டி பிறக்கிறதுக்குள்ள அந்த உறுப்பு மறுபடி சுருங்கிடும். மனுஷங்கள்ல இப்படி ஒரு காட்சியே கிடையாது.

இப்போ அதோட கர்ப்பப்பையைப் பாருங்க. பெட்டைக் குதிரை பருவத்துக்கு வரும் அஞ்சாறு நாள் ஈஸ்ட்ரோஜன் ஆட்சி. உள்சவ்வு நீர் கோத்து மடிப்பு மடிப்பா உப்பும். ஸ்கேன்ல பார்த்தா சாத்துக்குடியைக் குறுக்கே நறுக்கின மாதிரி இருக்கும். கர்ப்பப்பை வாய் தளர்ந்து திறக்கும். விந்தோட உள்ளே வந்த கிருமியையும் அழுக்கையும் கர்ப்பப்பை சுருங்கி வெளியே தள்ளிடும்.

முட்டை வெளியேறினதும் ப்ரொஜெஸ்டிரோன் வந்து உட்காரும். வீக்கம் வடியும், வாய் இறுகி மூடும், கர்ப்பப்பை குழாய் மாதிரி விறைக்கும். இந்த நேரத்துல கிருமி உள்ளே மாட்டினா வெளியேத்தறது கஷ்டம். கரு தங்கினா இன்னொரு வேடிக்கை. பதினாறாம் நாள் வரைக்கும் அது ஒரு இடத்துல உட்காராது. கர்ப்பப்பை முழுக்க உருண்டுட்டே இருக்கும். "நான் வந்துட்டேன், ப்ரொஜெஸ்டிரோனை நிறுத்திடாதே"ன்னு அம்மாவுக்குத் தெரியப்படுத்த அந்த ஊர்வலம் வேணும். அது தடைப்பட்டா கரு கலைஞ்சுடும்.

கவனிங்க. வளர்க்கிறது ஒண்ணு, அடக்கிப் பக்குவப்படுத்துறது இன்னொண்ணு. சினைக்காலத்துல ஈஸ்ட்ரோஜன் மலையா குவிஞ்சாலும், ப்ரொஜெஸ்டிரோன் குடும்பத்து ஹார்மோன்கள் கூடவே இருக்கும். அதனாலதான் அந்தக் கர்ப்பப்பை பதினோரு மாசம் குட்டியைத் தாங்குது.

மாத்திரைக்கு வந்தது முதல் பாதி மட்டும். மான்ட்ரியலைச் சேர்ந்த ஏர்ஸ்ட் நிறுவனம் சினைக் குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் கலவை 1941-ல கனடாவுலயும் 1942-ல அமெரிக்காவுலயும் சந்தைக்கு வந்தது. பேரு ப்ரெமரின். சினை, பெட்டைக் குதிரை, சிறுநீர் மூணுக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டின பேர்தான், ஒளிவு மறைவே இல்லை!

மாதவிடாய் நின்ற பெண்களோட உடல் கொதிப்பு, வியர்வை, தூக்கமின்மைக்கு அது நல்லாவே வேலை செஞ்சது. அதை நான் மறுக்கலை. ஆனா 1966-ல ராபர்ட் வில்சன்னு ஒரு நியூயார்க் டாக்டர், மெனோபாஸே ஒரு குறைபாட்டு நோய், காலம் பூரா மாத்திரை போட்டா என்றென்றும் பெண்மைதான்னு புத்தகம் எழுதினார். சுடச்சுட வித்தது. எனக்கு இன்னைக்கும் கோபம் வர்ற இடம் இது. ஏன்னா ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தா உள்சவ்வு தறிகெட்டு வளருதுன்னு குஸ்பெர்க் 1947-லேயே எழுதிட்டார். யாரும் பெருசா காதுல போட்டுக்கலை.

1975 டிசம்பர்ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல ரெண்டு ஆய்வு பக்கத்துப் பக்கத்துல வந்தது. ஈஸ்ட்ரோஜன் எடுத்த பெண்களுக்குக் கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய் வாய்ப்பு ஒண்ணுல 4.5 மடங்கு, இன்னொண்ணுல 7.6 மடங்கு. அதுக்கப்புறம்தான் கர்ப்பப்பை இருக்கிற பெண்களுக்கு ப்ரொஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் வேரூன்றியது. (அந்த ஜோடி மாத்திரைக்கும் 2002-ல மார்பகப் புற்றுநோய் விவகாரம் வந்தது. அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதறேன்.)

ஓபிக்கு வருவோம். நான் அந்த அம்மாகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு: "உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கா, எடுத்தாச்சா?"

"இருக்கே. இது எங்க அக்காவுக்கு எழுதிக் கொடுத்தது. அவங்களுக்குத்தான் எடுத்தாச்சு. எனக்கும் அதே உடம்பு எரிச்சல்னு நானும் வாங்கிப் போட்டுக்கிட்டேன், ஒன்றரை வருஷமா. இப்போ ரெண்டு மாசமா லேசா ரத்தம் படுது, அது வெயில் சூடா இருக்கும்..."

ஸ்கேன்ல உள்சவ்வு 12 மில்லிமீட்டர். சதைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். புற்றுநோய் இல்லை, அதிக வளர்ச்சி மட்டும். அந்த அட்டையை நிறுத்தி, ப்ரொஜெஸ்டிரோன் வகை மருந்து ஆரம்பிச்சிருக்கோம். ஆறு மாசத்துல மறுபடி எடுத்துப் பார்க்கணும்.