பற்சில்லும் கூடைக்கண்ணும்

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளை நினைத்து எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பற்சில்லுகளை ஒன்றையொன்று கடிக்கும்படி முக்கோணமாக வைத்தால் எதுவும் சுழலாது. ஒன்று வலமாகச் சுற்றினால் அடுத்தது இடமாகச் சுற்ற வேண்டும். மூன்றாவது எந்தப் பக்கம் போகும்? நான்கைச் சதுரமாக வைத்தால் பிரச்சினையில்லை. சில பொருள்களின் அணுக்காந்தங்களுக்கும் இதே பாடுதான். பக்கத்திலிருப்பது மேல்நோக்கினால் தான் கீழ்நோக்கவே அவை விரும்பும். முக்கோணமாக அமைந்துவிட்டால் எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது. பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் ஜெரார் துலூஸ் 1977இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த நிலைக்கு ‘ஃபிரஸ்ட்ரேஷன்’ என்ற பெயர் நிலைத்தது. விரக்தி என்று வைத்துக்கொள்வோம்.

பற்சில்லு உதாரணம் வகுப்பறைக்கு வசதியானது. ஆனால் முக்கியமான இடத்தில் அது வழிதவறச் செய்கிறது. பற்சில்லு இறுகி நின்றுவிடும், அணுக்காந்தம் அப்படியல்ல. மேல், கீழ் என்று மூன்றையும் வைக்க 8 வழிகள் உண்டு. அவற்றில் 6 வழிகளில் ஒரேயொரு சோடிதான் முரண்படும், ஆறுக்கும் சக்தி சமம். ஆக, இங்கே சிக்கல் வழியில்லாததால் வருவதல்ல, வழி கூடிப்போனதால் வருவது. முடிவில்லாத முக்கோணப் பின்னலுக்கு 1950இல் கிரெகரி வானியர் கணக்குப் பார்த்து, தனிப்பூச்சிய வெப்பநிலையிலும் ஒழுங்கின்மை எஞ்சும் என்று காட்டினார். (அவர் தந்த எண் பிழை, திருத்தம் 1973இல்தான் வந்தது.)

அப்படியானால் எதைப் பொருத்தமான உதாரணமாகக் காட்டுவது? நாம் பனிக்கட்டியைத்தான் சொல்வோம். அதில் ஒவ்வோர் ஒட்சிசனையும் சுற்றி நான்கு ஐதரசன்கள். இரண்டு கிட்ட, இரண்டு எட்ட. எந்த இரண்டு என்பதற்குக் கட்டளை இல்லை. 16 வழிகளில் 6 ஏற்புடையவை. இவ்வளவையும் வைத்து 1935இல் லைனஸ் போலிங், ஒரு மூலுக்குப் பாகைக்கு 0.805 கலோரி ஒழுங்கின்மை எஞ்ச வேண்டும் என்றார். அடுத்த வருடம் ஜியோக்கும் ஸ்டவுட்டும் பனிக்கட்டியைக் கடுங்குளிருக்குக் கொண்டுபோய் அளந்தார்கள்: 0.82! கணினி இல்லாத காலத்தில், கடதாசியில் போட்ட கணக்கு. 1997இல் ஹாரிஸ், பிராம்வெல் முதலானோர் ஹோல்மியம் டைட்டனேற்றுப் பளிங்கில் அதே விதியைக் கண்டார்கள்: நான்முகி ஒவ்வொன்றிலும் இரண்டு காந்தம் உள்நோக்கி, இரண்டு வெளிநோக்கி. ‘சுழல் பனிக்கட்டி’ என்ற பெயர் அதனால் வந்தது.

இன்னோர் உதாரணம் ஜப்பானியக் கூடை. 1951இல் இச்சிரோ ஷோஜி ஆராய்ந்த பின்னலுக்குக் கொடி ஹுசிமி ‘ககோமே’ என்று பெயரிட்டார். கூடைக்கண் என்று பொருள். எமது பன்பாய் இரண்டு திசைப் பின்னல், அதில் முக்கோணம் வராது. அவர்களுடைய மூங்கில் கீற்றுகள் மூன்று திசையில் ஓடும். நடுவில் அறுகோணத் துளை, சுற்றிவர முக்கோணங்கள். ஒரு முக்கோணம் அடுத்ததை ஒரு மூலையில் மட்டும் தொடுவதால் விரக்தியும் கூட, சுதந்திரமும் கூட.

சிலியில் கிடைக்கும் ஹேர்பர்ட்ஸ்மிதைற் என்ற பச்சைக் கனியத்தில் செம்பு அணுக்கள் இந்தக் கூடைக்கண் வடிவில்தான் இருக்கின்றன. அவற்றுக்கிடையிலான விசையின் அளவு ஏறக்குறைய 200 கெல்வின். 0.05 கெல்வின் வரை குளிராக்கிப் பார்த்தும் அவை ஓர் ஒழுங்குக்கு வரவில்லை.