யாசிட் சுஃபாட்: சிம்பாங் ரெங்கம் சிறையிலிருந்து ஒரு விடுதலை, விடை கிடைக்காத கேள்விகள்

சிம்பாங் ரெங்கம் – ஜொகூர், குளுவாங் மாவட்டத்தில் உள்ள சிம்பாங் ரெங்கம் சிறையிலிருந்து 2019 நவம்பர் 20-ஆம் தேதி யாசிட் சுஃபாட் விடுவிக்கப்பட்டார். முன்னாள் இராணுவ கேப்டனான இவர் ஜெமா இஸ்லாமியா இயக்கத்தைச் சேர்ந்தவர். அல் கைடாவுக்காக உயிரியல் ஆயுதம் தயாரிக்க முயன்றவர் என்று அமெரிக்க விசாரணை அறிக்கை இவரைக் குறிப்பிடுகிறது. இப்படிப்பட்ட ஒருவரை வெளியே விடலாமா என்ற கேள்வி அப்போது நாட்டிலும் வெளிநாட்டிலும் எழுந்தது.

யார் இவர்?

1964-இல் ஜொகூரில் பிறந்த யாசிட், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்து 1987-இல் பட்டம் பெற்றார். நாடு திரும்பியதும் இராணுவத்தில் பணியாற்றினார். பின்னர் மருத்துவ ஆய்வுக்கூடத் தொழிலில் இறங்கினார். ஜெமா இஸ்லாமியாவின் முக்கியத் தலைவர்களில் ஒருவரான ஹம்பாலியுடன் ஏற்பட்ட தொடர்பு இவரது பாதையை மாற்றியது. 2002 அக்டோபர் 12-இல் 202 பேரைப் பலிகொண்ட பாலி குண்டுவெடிப்பை நடத்தியது இந்த இயக்கமே.

காஜாங் வீட்டில் நடந்த சந்திப்பு

2000 ஜனவரியில் காஜாங், சுங்கை லோங்கில் யாசிட்டுக்குச் சொந்தமான அடுக்குமாடி வீட்டில் அல் கைடா உறுப்பினர்கள் கூடினர். அவர்களில் காலிட் அல்-மிடாரும் நவாஃப் அல்-ஹஸ்மியும் அடுத்த ஆண்டு செப்டம்பர் 11-இல் பென்டகன் மீது மோதிய விமானத்தைக் கடத்தியவர்கள். அமெரிக்க உளவுத்துறையின் வேண்டுகோளின் பேரில் மலேசிய சிறப்புப் பிரிவு போலீசார் அந்தச் சந்திப்பைக் கண்காணித்துப் படமும் எடுத்திருந்தனர். அதே ஆண்டில் ஸக்காரியாஸ் மூசாவியும் யாசிட்டின் வீட்டில் தங்கினார். செப்டம்பர் 11 சதியில் தண்டிக்கப்பட்டு அமெரிக்காவில் ஆயுள் சிறை அனுபவிப்பவர் இவர்.

2001-இல் ஆப்கானிஸ்தான் சென்ற யாசிட், கந்தகார் விமான நிலையம் அருகே ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆந்த்ராக்ஸ் கிருமியை வளர்க்கப் பல மாதங்கள் முயன்றார் என்கிறது செப்டம்பர் 11 விசாரணை ஆணையத்தின் அறிக்கை. வெடிகுண்டு தயாரிப்பதற்காக 4 டன் அம்மோனியம் நைட்ரேட் வாங்கினார் என்ற குற்றச்சாட்டும் உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2003-இல் இவரைத் தடைப் பட்டியலில் சேர்த்தது.

விசாரணை இல்லாத ஏழு ஆண்டுகள்

2001 டிசம்பரில் நாடு திரும்பியபோது யாசிட் கைதானார். ஆனால் வழக்கு தொடுக்கப்படவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசாவின் கீழ் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தார். 2008 நவம்பரில் விடுதலையானார். சுங்கை லோங் சந்திப்பு, கந்தகார் ஆய்வுக்கூடம் ஆகிய எதுவும் மலேசிய நீதிமன்றத்தில் இவர் மீது குற்றச்சாட்டாகச் சுமத்தப்படவே இல்லை.

தண்டனையும் மீண்டும் தடுப்புக் காவலும்

2013 பிப்ரவரியில் மறுபடியும் கைது. சிரியாவில் பயங்கரவாதச் செயல்களை ஊக்குவித்ததாகக் குற்றச்சாட்டு. இசாவுக்குப் பதிலாக 2012-இல் வந்த சொஸ்மா சட்டத்தின் கீழ் கைதாகிக் குற்றம் சாட்டப்பட்ட முதல் சிலரில் இவரும் ஒருவர். அதே ஆண்டு மே மாதம் உயர் நீதிமன்றம் இவரை விடுவித்தது. சொஸ்மா மலேசியாவுக்கு எதிரான அச்சுறுத்தலுக்கே பொருந்தும், சிரியா விவகாரத்துக்கு அல்ல என்பது அதன் முடிவு. மேல்முறையீட்டில் வழக்கு மீண்டும் உயிர்பெற்றது. 2016 தொடக்கத்தில், பயங்கரவாதச் செயல் பற்றிய தகவலை வேண்டுமென்றே மறைத்தார் என்ற மாற்றுக் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு ஏழு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். கைதான நாளிலிருந்து தண்டனை கணக்கிடப்பட்டது.

தண்டனைக் காலம் முடிந்தபோதும் அவர் வெளியே வரவில்லை. தாப்பா சிறையில் இருந்தபோது சக கைதிகளை அல் கைடாவுக்கு ஆள்சேர்த்தார் என்றது போலீஸ். அதனால் பொத்தா எனும் 2015-ஆம் ஆண்டு பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இரண்டு ஆண்டுகள் தடுத்து வைக்கப்பட்டார். சிம்பாங் ரெங்கம் சிறையிலிருந்து அவர் வெளியேறியது அந்தக் காலம் முடிந்த பிறகுதான்.

அதுவும் முழு விடுதலை அல்ல. மின்னணுக் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்டு, இரண்டு ஆண்டுகள் அம்பாங் பகுதியில் கட்டுப்பாடுகளுடன் இருக்க வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. புக்கிட் அமான் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவின் அப்போதைய தலைவர் டத்தோ அயோப் கான் மைடின் பிச்சை இத்தகவலை வெளியிட்டார்.

சர்ச்சை எதில்?

சிறைக்குள்ளேயே ஆள்சேர்த்தவர் என்றால் வெளியே விடுவது ஆபத்து என்றனர் ஒரு சாரார். நீதிமன்றம் கொடுத்த தண்டனையை அனுபவித்தவரை விசாரணையின்றி எத்தனை ஆண்டு அடைத்து வைப்பது என்பது தடுப்புக் காவலை எதிர்ப்பவர்களின் கேள்வி. பொத்தா சட்டப்படி தடுத்து வைப்பதை முடிவு செய்வது நீதிமன்றம் அல்ல, ஒரு வாரியம். தடுப்புக் காலத்தை அது நீட்டிக்கவும் முடியும். நடைமுறைப் பிழை இருந்தால் மட்டுமே நீதிமன்றத்தை நாடலாம்.

இந்தோனேசியாவின் உமர் பாத்தேக்குடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். பாலி குண்டுவெடிப்பில் பங்கேற்றதற்காக 2012-இல் அவருக்கு 20 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. 2022 டிசம்பரில் நிபந்தனையுடன் அவர் விடுதலையானபோது ஆஸ்திரேலியா கடும் அதிருப்தி தெரிவித்தது. ஆனால் அவர் செய்தது என்ன என்பது நீதிமன்றத் தீர்ப்பாகப் பதிவாகியிருக்கிறது. யாசிட் விவகாரத்தில் மிகப் பெரிய குற்றச்சாட்டுகளுக்கு அப்படி ஒரு தீர்ப்பே இல்லை.

நம் சமூகத்துக்கு இதில் என்ன?

இந்தச் சட்டங்கள் நமக்குப் புதியவை அல்ல. யாசிட் இசா கைதியாக இருந்த காலத்தில்தான், 2007 டிசம்பரில், ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐவர் அதே இசாவில் கமுந்திங்குக்கு அனுப்பப்பட்டனர். சிம்பாங் ரெங்கம் என்ற பெயரும், அவசரகாலச் சட்டத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பல இந்தியக் குடும்பங்களுக்குப் பழக்கமானது. யாசிட் விடுதலையாவதற்கு முந்தைய மாதம், விடுதலைப் புலிகளுடன் தொடர்பு எனக் கூறி இரு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட 12 பேர் சொஸ்மாவில் கைதாயினர். 2020 பிப்ரவரியில் அவர்கள் மீதான குற்றச்சாட்டுகளைச் சட்டத்துறைத் தலைவர் கைவிட்டார்.

விசாரணையில்லாக் காவல் நிரபராதிக்கு இழைக்கும் அநீதி நமக்குத் தெரியும். அது குற்றவாளிக்கும் ஒரு வகையில் உதவுகிறது என்பதையே யாசிட் விவகாரம் காட்டுகிறது. உண்மை நீதிமன்றத்தில் வெளிவராமலே போகிறது. அதன் பிறகு, ஒருவரை வெளியே விட்டாலும் உள்ளே வைத்தாலும் அது சரியா தவறா என்று பொதுமக்கள் தீர்மானிக்க எந்த ஆதாரமும் மிஞ்சுவதில்லை.