வெள்ளெலி: வளர்த்தலும் காத்தலும்

மதுரை மாநகரின் வடகிழக்கே அமைந்த மாட்டுத்தாவணி இன்று பேருந்து நிலையத்தாலும் காய்கறி, மலர்ச் சந்தைகளாலும் பலரும் அறிந்த இடமாக விளங்குகின்றது. ஆயினும் அதன் பெயர் பழைய தொழிலை மறவாது காத்து வருகின்றது. தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணிக்கும் கயிற்றையும், அவ்வாறு பிணித்து நிறுத்தி விலைபேசும் இடத்தையும் குறிக்கும். மக்கள் விலைகொடுத்து வாங்கிக் கயிறிட்டு வளர்க்கும் விலங்கிற்கு ஊர்ப்பெயரிலும் இடம் கிடைத்தது. சந்தை மூட்டைகளின் இடையே அழையாது வந்து வாழும் எலிக்கு அத்தகைய இடம் கிடைத்ததில்லை.

இப்பகுதியில் வாழும் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தாம் எழுதிய கட்டுரையை அண்மையில் என்னிடம் காட்டினார். ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆய்வு முடிந்தபின் கொல்லப்படவிருந்த வெள்ளெலிகள் இரண்டினை உரியவரிடம் இசைவு பெற்றுக் கொணர்ந்து அவர் இல்லத்தில் வளர்த்து வருகின்றார். இல்லத்தார் அருவருத்தனர், அயலார் நகைத்தனர். அவர்க்கெல்லாம் விடையிறுக்கும் முகத்தான், சங்ககாலத் தமிழரே வெள்ளெலி வளர்த்தனர் என்று அவர் தம் கட்டுரையில் எழுதி, அகநானூற்றின் 133 ஆம் பாட்டினைச் சான்றாகக் காட்டியிருந்தார். அவருடைய அருளுணர்வு பாராட்டத்தக்கது. ஆனால் அவர் கூற்று சான்றோடு பொருந்துமா என்பது வேறு வினா. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. அகநானூற்று வெள்ளெலி

அகநானூறு 133 ஆம் பாட்டினைப் பாடியவர் உறையூர் மருத்துவன் தாமோதரனார். அப்பாட்டில் வெள்ளெலியின் ஆண், செம்பரல் நிறைந்த மேட்டு நிலத்தைக் கிளைத்துப் புழுதியைச் சிதறுகின்றது. அப்புழுதியின்மீது வேங்கைப் பூக்கள் உதிர்ந்து கோலம் செய்கின்றன. எலியின் கண்ணுக்குக் குன்றிமணி உவமையாகின்றது. மாணவர் இவ்வுவமையையே தம் கோளுக்கு அடிப்படையாகக் கொண்டார். பெயர் வெள்ளெலி, கண்ணோ குன்றிபோற் சிவந்தது, ஆகவே இஃது இன்று கூண்டில் வளரும், செங்கண்ணும் வெண்மயிரும் உடைய எலியே என்பது அவர் கருத்து.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இவ்வாதம் வலியுடையதாகவே தோன்றும். ஆயின் அவ்வெலியின் மயிருக்குப் புலவர் தந்த அடை, குரூஉ என்பது. குரு என்னும் சொல் நிறத்தை உணர்த்தும் என்பது தொல்காப்பிய உரியியலால் அறியப்படும். நிறம் என்றது வெண்மையையும் குறிக்கலாகாதோ எனின், அச்சொல் மயிரோடு சேர்ந்து வரும் மற்றோர் இடத்தை நோக்குதல் வேண்டும். திருமுருகாற்றுப்படையில் இதே தொடர் கரடியின் உடலுக்கு அடையாக வந்துள்ளது. கரடியின் மயிர் வெண்மையானதன்று என்பதை எடுத்துரைக்கவும் வேண்டுமோ? எனவே, அகநானூற்று எலி உடல் முழுதும் வெளுத்த எலியன்று. நிறம் வாய்ந்த மயிரினை உடையது.

இனிக் குன்றியுவமை. உவமை செம்மை ஒன்றையே கருதிற்று என்று கொள்ள வேண்டுவதில்லை. உருட்சியும் ஒளியும் கண்ணுக்கு ஏற்ற பொதுத்தன்மைகளே. குன்றியின் புறம் சிவப்பினும் அதன் மூக்குக் கரிது என்பதனைத் திருவள்ளுவரே 277 ஆம் குறளில் உவமையாக ஆண்டுள்ளார். ஆகவே இவ்வுவமை ஒன்றுகொண்டு செங்கண் எலியென்று துணிதல் இயலாது.

நிலத்தியல்பும் இதற்கு அரணாகின்றது. தமிழ்நாட்டு வறண்ட நிலங்களில் வளை தோண்டி வாழும் ஒருவகை எலியை உழவர் இன்றும் வெள்ளெலி என்றே வழங்குவர். விலங்கியலார் அதனைத் தட்டேரா இண்டிகா என்பர். அதன் முதுகு மணல்நிறமோ செம்பழுப்போ கொண்டிருக்கும், வயிறு வெண்மையாயிருக்கும், கண்கள் பெரியன. வயிற்றின் வெண்மையே பெயர்க்குக் காரணமாதல் வேண்டும். மேனி முழுதும் வெளுத்த எலி காட்டில் பிறப்பினும் ஆந்தையின் கண்ணுக்குத் தப்பி நெடுநாள் வாழ்தல் அரிது. ஆதலின் தாமோதரனார் கண்டது முல்லைநிலத்துக் காட்டெலியேயன்றி வீட்டில் வளர்ந்த எலியன்று.

இப்புலவர் எலியை இருமுறை நோக்கியுள்ளார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. புறநானூறு 321 ஆம் பாட்டும் அவர் பாடியதே. அதில், சுளகில் உலரும் எள்ளைக் கவர வந்த காடைச் சேவலைக் கோட்டெலி ஒன்று அலைக்க, அச்சேவல் வரகின் கதிர்களிடையே சென்று மறைகின்றது. கோடு என்பது கரை. கரையில் வளைதோண்டி வாழும் எலி கோட்டெலி எனலாம். அதன் வளைந்த செவிக்குக் கோங்கமலரின் பொகுட்டினை உவமிக்கின்றார். ஒரு பாட்டில் கண், மற்றொரு பாட்டில் செவி. பயிரை அழிக்கும் சிற்றுயிர் ஒன்றின் உறுப்பினை இவ்வளவு நுணுகிக் கண்டவர் மருத்துவர் என்பது வியப்பன்று. ஆனால் நோக்குதல் வேறு, வளர்த்தல் வேறு. இவ்விரு பாட்டிலும் எலி தன் நிலத்திலேயே தன்போக்கில் திரிகின்றது.

2. இலக்கியம் உரைப்பதும் உரையாததும்

இலக்கியத்தில் ஒன்று கூறப்படாமையால் அஃது இல்லை என்று துணிதல் பொதுவாக முறையன்று. எனினும் வளர்ப்புயிர்களைப் பொறுத்தவரை நம் இலக்கியங்கள் வாய்வாளாமை கொண்டவையல்ல. கிளியும் பூவையும் மகளிரோடு பேசுகின்றன. மயிலும் அன்னமும் மனைகளில் உலவுகின்றன. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில், பார்ப்பனி ஒருத்தி தன் மகவைப் பாம்பினின்று காத்த கீரிப்பிள்ளையைப் பிழைபடக் கருதிக் கொன்ற செய்தி மதுரைப் புறஞ்சேரியில் வைத்துச் சொல்லப்படுகின்றது. கீரியையும் மறவாத புலவர்கள் எலியை வளர்த்திருப்பின் அதனை மட்டும் மறைத்திருப்பர் என்று கொள்ள இயலுமோ?

மாறாக, எலியை விலக்கிய செய்திகளே மிகுதி. பெரும்பாணாற்றுப்படையில் எலி கருப்பை என்னும் பெயரால் சுட்டப்படுகின்றது; அணிலும் அதுவும் ஏறி விளையாடாவண்ணம் கூரிய நுனியுடைய ஈந்தின் இலையால் எயினர் குடில் வேயப்பட்டிருந்தது. நற்றிணை 83 இல் தோழி, இரவில் குழறி அச்சுறுத்தாதிருக்குமாறு ஆந்தையை வேண்டி, அதற்குக் கைம்மாறாகச் சுட்ட எலியிறைச்சியை ஊன்சோற்றோடு அளிப்பதாகக் கூறுகின்றாள். புறநானூறு 190 இல் சோழன் நல்லுருத்திரன், கதிரைக் கவர்ந்து வளையில் நிறைத்துவைக்கும் எலியை, ஈயாது ஈட்டுவார்க்கு உவமையாக்குகின்றான். குறள் 763 இல் எலிகள் கடல்போல் ஒலிப்பினும் நாகத்தின் மூச்சிற்கு நில்லா என்று வள்ளுவர் உரைப்பர். பகை, உணவு, உலோபம், எளிமை என்னும் இந்நான்கில் அன்பு என்பதற்கு இடமில்லை.

இவ்வெறுப்பிற்குக் காரணம் உண்டு. உழவன் ஆறு திங்கள் உழைத்து விளைத்த நெல்லினை எலி ஓரிரவில் வளைக்குள் கொண்டுசெல்லும். தஞ்சைப் பகுதி உழவர் மூங்கிலால் செய்து வயலில் நட்ட கிட்டி என்னும் பொறியும், ஆந்தை வந்தமர வயலில் நடும் கழியும் அவர்தம் தற்காப்பு முறைகள். 1896 இல் பம்பாயில் பரவிய கொள்ளைநோய் எலியின்மீது அச்சத்தையும் மிகுவித்தது. எலியின் தெள்ளுப்பூச்சியே அந்நோயை மக்களுக்குக் கடத்துகின்றது என்பதனைப் பிரெஞ்சு மருத்துவர் சிமோந்து 1898 இல் கராச்சியில் கண்டறிந்தார். எலிக்கு இரங்குவோர் உழவனின் இழப்பையும் மறத்தலாகாது.

3. வளர்ப்பெலியின் வரலாறு

ஆயின் இன்று கூண்டில் வளரும் வெள்ளெலி யாண்டிருந்து வந்தது? அதன் மூதாதை நார்வே எலி என வழங்கும் பேரெலி. நம் முல்லைநிலத்து வெள்ளெலியோடு அதற்கு நேர்மரபு இல்லை. சப்பான் நாட்டில் எலிகளைப் பல நிறம்பட இனம்பெருக்கி வளர்க்கும் முறையைக் கூறும் நூல்கள் 1775, 1787 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. இங்கிலாந்தில் எலிகளைக் குழியில் அடைத்து நாய்களை ஏவிக் கொல்வித்துப் பந்தயம் கட்டுதல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பொழுதுபோக்கு. அதற்கென எலி பிடித்து விற்றோருள் ஒருவர் ஜாக் பிளாக். பிடித்தவற்றுள் நிறம் வேறுபட்டவற்றை அவர் தனியே எடுத்து வளர்த்துப் பெருக்கினார் என்பது என்றி மேகியூ இலண்டன் உழைப்பாளர் பற்றி எழுதிய நூலால் விளங்கும். 1901 இல் ஏல்சுபரி என்னும் ஊரில் நடந்த சுண்டெலிக் காட்சியில் எலிகளுக்கும் இடம் தருமாறு செய்தவர் மேரி டக்ளஸ் என்னும் பெண்மணியார். 1906 முதல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள விசுடர் நிலையம் ஆய்வுக்குரிய வெள்ளெலி மரபினைத் தோற்றுவித்தது. இவ்வாறு வேட்டைக் குழியினின்று கூண்டிற்கும், கூண்டினின்று ஆய்வுக்கூடத்திற்கும் சென்ற இனமே இன்று நம் மாணவர் இல்லத்திலும் உள்ளது.

இந்தியாவில் எலியைப் பேணும் வழக்கமே இல்லையோ எனின், உண்டு. இராசசுத்தானத்தில் பிகானேரை அடுத்த தேசுநோக்கில் கர்ணிமாதா கோயிலில் ஆயிரக்கணக்கான எலிகள் பாலும் இனிப்பும் பெற்று வாழ்கின்றன. அவற்றுள் வெள்ளெலியைக் காணுதல் பெரும்பேறு எனக் கருதப்படுகின்றது. ஆயினும் அது கோயில் வழிபாடு. இல்ல வளர்ப்பன்று, தமிழர் வழக்குமன்று.

4. மறைக்காட்டு எலி

வளர்த்தற்குச் சான்று இல்லை என்று கண்டோம். காத்தற்கோ? ஈண்டுத்தான் தமிழ் மரபு தனக்கே உரிய ஒன்றைக் காட்டுகின்றது. ஏழாம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர் திருக்குறுக்கை வீரட்டத்தைப் பாடிய நான்காம் திருமுறைப் பதிகத்தில், திருமறைக்காட்டு விளக்கைத் தூண்டிய எலியைப் போற்றுகின்றார். மறைக்காட்டுத் தலவரலாறு இதனை விரித்துரைக்கும். விளக்கின் நெய்யை உண்ண வந்த எலியின் மூக்கினைச் சுடர் சுட்டது. எலி அலைய, அவியும் நிலையிலிருந்த திரி தூண்டப்பட்டது. அதன் பயனாக அவ்வெலி மறுபிறப்பில் மாவலியாய் மூவுலகும் ஆண்டது என்பது அவ்வரலாறு.

நாவுக்கரசர் அவ்வெலியை அடியாராகப் புனைந்துரைக்கவில்லை. மூக்குச் சுடப்பட்டு வெகுண்டமையைத் தம் பாட்டிலேயே வெளிப்படக் கூறுகின்றார். திருட வந்தது, வெந்தது, துடித்தது. அஃது அறிந்து செய்த தொண்டு எதுவுமில்லை. எனினும் இறைவன் குறைவின்றிக் கொடுத்தான். தகுதி நோக்கி ஈதல் கைம்மாறு. தகுதி நோக்காது ஈதலே அருள். இவ்வேறுபாட்டினை உணர்த்த, எல்லாராலும் இகழப்பட்ட ஓருயிரைத் தேர்ந்தெடுத்தமை நாவுக்கரசரின் உள்ளத்தைக் காட்டுகின்றது. நல்லுருத்திரன் ஈயாமைக்கு உவமையாக்கிய அதே எலி இங்கு ஈகையின் எல்லையைக் காட்டும் பொருளாயிற்று.

இவ்வருள் சட்டவடிவு பெற்ற வரலாற்றில் மதுரைக்கும் பங்குண்டு. 1904 இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1952 இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்றார். விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்க அவர் கொணர்ந்த முயற்சியே 1960 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு வித்தாயிற்று. 1962 இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. மனிதனல்லாத எவ்வுயிரும் விலங்கு என்பது அச்சட்டம் தரும் வரையறை. அதில் எலி விலக்கப்படவில்லை. ஆய்வுக்கூட விலங்குகளைக் கண்காணிக்கும் குழுவும் அச்சட்டத்தின்வழித் தோன்றியதே. பயிரைக் காத்தற்கு எலியை ஒழிப்பதையோ, நோய் தீர்க்கும் ஆய்வையோ அச்சட்டம் முற்றாக விலக்கவில்லை. வேண்டாத துன்பத்தையே விலக்கிற்று.

5. முடிவு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. அகநானூற்று வெள்ளெலி காட்டெலி. இன்றைய கூண்டெலி வேறு. பெயர் ஒன்றாதலால் பொருளும் ஒன்றெனக் கொள்ளுதல் ஆய்வாளர் விலக்க வேண்டிய பிழை. சங்கத்தமிழர் எலி வளர்த்தமைக்கு நாமறிந்த நூல்களில் சான்றில்லை. ஆனால் எலியை அன்போடு கூர்ந்து நோக்கிய ஒரு மருத்துவர் இருந்தார். இகழப்பட்ட எலிக்கும் அருளுண்டு என்று பாடிய ஓர் அடியார் இருந்தார்.

இவற்றை மாணவர்க்கு எடுத்துரைத்தபோது அவர் சிறிது வாடினார். "அங்ஙனமாயின் யான் செய்வதற்கு நம் மரபில் துணையே இல்லையோ?" என்று வினவினார். துணை உண்டு, அவர் தேடிய இடத்தில் இல்லை என்றேன். நம் முன்னோர் செய்தனர் என்பதனால் மட்டுமே ஒரு நற்செயல் நற்செயலாவதில்லை. முன்னோர் செய்யாத ஒன்றை அவர்மேல் ஏற்றிக் கூறுதல் அவர்க்குப் பெருமை சேர்ப்பதுமில்லை. கொல்லப்படவிருந்த இரண்டு உயிர்களுக்கு அவர் இடமளித்தார்; அவை அவர்க்குச் செய்த உதவி யாதுமில்லை. மறைக்காட்டு எலிக்குக் கிடைத்ததும் அத்தகையதே.

அவர் தம் கட்டுரையில் அகநானூற்றுச் சான்றினை நீக்கிவிட்டார். எலிகளை நீக்கவில்லை.