நாகைச் சூடாமணி விகாரமும் துருக்கர் ஆட்சியும்

தமிழகத்தில் பௌத்தம் மறைந்தமைக்குத் துருக்கர் படையெடுப்பே காரணம் என்பார் உளர். நாளந்தாவின் அழிவை உளங்கொண்டு எழுந்த இக்கருத்துத் தென்னாட்டிற்குப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. கொங்கு நாட்டுச் சமணத்திற்கு விசயமங்கலம் சான்றாய் நிற்கின்றது. பௌத்தத்திற்கு அத்தகைய நெடுங்காலச் சான்று வேண்டுவோர் நாகப்பட்டினத்தையே நாடவேண்டும்.

கடாரத்து மன்னன் மாறவிசயோத்துங்கவருமன் தன் தந்தை சூளாமணிவருமன் பெயரால் ஆங்கு எடுத்த விகாரத்திற்கு, முதல் இராசராசன் 1006ஆம் ஆண்டளவில் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். 1311இல் மாலிக் காபூர் தமிழகத்துட் புகுந்தான். 1330களில் மதுரையில் சுல்தான்கள் தனியாட்சி நிறுவினர்.

இதற்குப் பின்னும் விகாரக் கலை நின்றதா? 1349இல் நூல் எழுதிய சீனர் வாங் தாயுவான், இக்கடற்கரையில் உயர்ந்த செங்கற் கோபுரம் ஒன்று இருந்ததையும், அது 1267இல் முடிந்ததெனக் கூறும் சீன எழுத்து அழியாதிருந்ததையும் குறிக்கின்றார். அது நாகைக் கோபுரமே எனப் பலரும் கொள்வர்.

இதனினும் வலிய சான்று செப்புத் திருமேனிகளே. 1856 முதல் 1934 வரை நாகையில் முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்டவை மண்ணிலிருந்து வெளிப்பட்டன. முடியில் தீச்சுடர் எழ நிற்கும் புத்தர், போதி நிழலில் நாகர் இருவர் கவரி வீச அமர்ந்த புத்தர், கையடக்கமான சிறு தூபிகள் எனப் பல வகையின. சோழர் கால நெகிழ்வு பிற்காலத்தில் இறுகிக் குறைவதைக் கண்ணுடையார் எவரும் காண்பர். ஆயினும் வார்ப்பு 16ஆம் நூற்றாண்டு வரையேனும் தொடர்ந்ததென்பது கலை அறிஞர் துணிபு. எனவே இவையனைத்தும் துருக்கர்க்கு அஞ்சி ஒரே காலத்தில் புதைக்கப்பட்டன என்றல் பொருந்தாது. அச்சத்தாற் சில புதைந்திருத்தல் கூடும்; அவ்வளவே.

பெகு மன்னன் தம்மசேதி 15ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பொறித்த கல்யாணிக் கல்வெட்டு, கப்பல் உடைந்து கரைசேர்ந்த தேரர்கள் நாகையில் பதரிகாராமம் இருந்த இடத்தைக் கண்டு, ஆங்கொரு குகையிலிருந்த புத்தரை வணங்கியதாகக் கூறுகின்றது. ஒரு பள்ளி அழிந்துபட்டும் வழிபாட்டிற்குரிய படிமம் எஞ்சியிருந்தது என்பதே இதன் பொருள். கடல் கடந்த வணிகரும் அவர்தம் கொடையும் அருகியதே பள்ளிகள் தளர்ந்ததன் முதற் காரணம் என்பது எம் கருத்து.

புதுவெளிக் கோபுரம் எனவும் சீனக் கோபுரம் எனவும் வழங்கிய கட்டடத்தை 1846இல் வால்டர் எலியட் கண்டபோது, அது மூன்று நிலைகளுடன் நின்றது. 1867இல் ஆங்கில அரசின் இசைவு பெற்று இயேசு சபையார் அதனை இடித்தனர்.