சூடேற்றிய குழாயும் ஈரத்துணியும்: எஞ்சின் காற்றின் வெப்ப வரலாறு

எஞ்சினுக்குள் செல்லும் காற்று குளிர்ந்திருக்க வேண்டும் என்பது இன்று இயந்திரவியல் மாணவர்கள் தொடக்கத்திலேயே கற்கும் பாடம். காற்றின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்கு உயர்ந்தால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 9 விழுக்காடு குறையும். அந்த அளவுக்கு எரிவதற்கான ஆக்சிஜனும் குறையும். ஆகவே, இன்டேக் மானிஃபோல்டு எனப்படும் உள்ளிழுப்புக் குழாய்த்தொகுதியை எஞ்சினின் வெப்பத்திலிருந்து காப்பது நல்ல வடிவமைப்பின் அடையாளமாகக் கருதப்படுகிறது. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பொறியாளர்கள் இதற்கு நேர்மாறான பணியைச் செய்தார்கள். அக்குழாயை அவர்கள் வேண்டுமென்றே சூடாக்கினார்கள்.

காரணம் கார்புரேட்டர். அதில் பெட்ரோல் நுண்துளிகளாகக் காற்றில் கலந்து, குழாயின் முழுநீளத்தையும் கடந்தே சிலிண்டரை அடைய வேண்டும். ஆவியாகும் பெட்ரோல் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. முழுவதும் ஆவியானால் கலவையின் வெப்பநிலை சுமார் 20 டிகிரி வீழ்ந்துவிடும். குளிர்நாடுகளில் இதனால் குழாயின் சுவரில் பெட்ரோல் படிந்து வழியும். ஈரக்காற்று கார்புரேட்டருக்குள்ளேயே பனிக்கட்டியாக உறையும். 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில், புகைக்குழாயின் அருகே சூடான காற்றைக் கார்புரேட்டருக்குக் கொண்டுசெல்லத் தனிக்குழாய் இருந்தது. வாகனங்கள் பெருகி, எளிதில் ஆவியாகாத கனமான பெட்ரோலும் சந்தைக்கு வந்தபோது இத்தேவை கூடியது. உள்ளிழுப்புக் குழாயின் அடிப்பகுதியைப் புகைக்குழாயோடு ஒட்டவைத்துச் சூடாக்கும் 'ஹாட் ஸ்பாட்' அமைப்பு 1920களில் பரவலாயிற்று. அடர்த்தியில் ஏற்படும் இழப்பைப் பொறியாளர்கள் அறிந்தே ஏற்றார்கள். குளிர்காலக் காலையில் வண்டி கிளம்புவதே அவர்களுக்கு முதன்மையாக இருந்தது.

இந்தத் தீர்வு, தான் பிறந்த தட்பவெப்பத்தையும் உடன் சுமந்துகொண்டு இந்தியாவுக்கு வந்தது. வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழிவந்தது. அதில் நெடுங்காலம் பயன்பட்ட 1489 சிசி எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. அந்த வரிசையில் காற்று புகும் வாயிலும் புகை வெளியேறும் வாயிலும் சிலிண்டர் தலையின் ஒரே பக்கத்தில் அமைந்திருந்தன. ஆகவே பெட்ரோல் நிறைந்த கார்புரேட்டரும் கொதிக்கும் புகைக்குழாயும் அருகருகே இருந்தன. பிரிட்டனின் குளிரில் இந்த நெருக்கம் வசதியாக இருந்தது. பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதிகளோ 40 டிகிரிக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கிவிடும். வட இந்தியச் சமவெளியின் மே மாத வெயிலில் வெளிக்காற்றே அந்த அளவைத் தாண்டும்.

விளைவு, ஓட்டுநர்கள் 'வேப்பர் லாக்' என்று அழைத்த ஆவியடைப்பு. நெரிசலில் ஊர்ந்தாலோ, மலையேறி நின்றாலோ பெட்ரோல் குழாயிலும் பம்பிலும் ஆவி நிறைந்து வண்டி நின்றுவிடும். இதற்குப் பட்டறைகளும் ஓட்டுநர்களும் கண்ட மருந்து, பெட்ரோல் பம்பின்மேல் சுற்றிய ஈரத்துணி. நீர் ஆவியாகும்போது பம்பின் வெப்பத்தை எடுத்துச்செல்கிறது. குளிர்நாட்டில் கார்புரேட்டரை உறையவைத்து இடர் தந்த அதே இயற்பியலே இங்கு பம்பைக் காத்தது. ஆனால் வடிவமைப்பு வரைபடங்களில் இந்த ஈரத்துணிக்கு இடமில்லை.

வெப்பத்தைத் தடுக்கும் அறிவு அப்போது இல்லாமல் போகவில்லை. 1962இல் பிரிட்டனில் வெளிவந்த எம்ஜிபி விளையாட்டுக் காரும் இதே 'பி' வரிசை எஞ்சினைக் கொண்டதே. அதன் கார்புரேட்டர்களுக்கும் உள்ளிழுப்புக் குழாய்க்கும் இடையே, பேக்கலைட் இனத்தைச் சேர்ந்த பிசினால் ஆன தடுப்புக்கட்டைகள் இருந்தன. அவை தொடுதலால் பரவும் வெப்பத்தைத் தடுத்தன. புகைக்குழாயிலிருந்து வீசும் கதிர்வெப்பத்தை ஓர் உலோகத்தகடு மறைத்தது. லியோ பேக்கலண்டு அந்தப் பிசினை 1907லேயே உருவாக்கியிருந்தார். அறிவும் பொருளும் இருந்தும், எந்த நாட்டின் எந்தச் சாலைக்காக வண்டி வடிவமைக்கப்படுகிறது என்பதே அவற்றின் பயன்பாட்டைத் தீர்மானித்தது. உரிமங்களால் காக்கப்பட்ட, போட்டி குறைந்த இந்தியச் சந்தையில் அந்தக் கேள்வியை அழுத்தமாக எழுப்ப வாங்குவோருக்கு வலிமை இருக்கவில்லை.

இறுதியில் மாற்றம் வேறு வாசல் வழியே வந்தது. பெட்ரோல் வாகனங்களின் புகைக்கு 1991இல் இந்தியாவில் வரம்பு விதிக்கப்பட்டது. தலைநகர் வட்டாரத்தில் பதிவாகும் புதிய கார்களுக்கு யூரோ தரங்களைக் கட்டாயமாக்கி 1999இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இறுகிவந்த வரம்புகளை எட்டுவது கார்புரேட்டருக்குக் கடினமாயிற்று. அதன் இடத்தைப் பிடித்த எம்பிஎஃப்ஐ முறையில் பெட்ரோல், சிலிண்டர் வாயிலின் அருகிலேயே பீய்ச்சப்படுகிறது. குழாயின் பெரும்பகுதியில் காற்று மட்டுமே ஓடுவதால் அதைச் சூடாக்கும் தேவை நீங்கியது. பின்னர் எடையையும் செலவையும் குறைப்பதற்காக அலுமினியத்துக்குப் பதில் கண்ணாடி இழை கலந்த நைலான் குழாய்கள் வந்தன. நைலான் வெப்பத்தைக் கடத்தும் திறன் அலுமினியத்தினுடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பட்டறைகள் நெடுநாள் தேடிய வெப்பக்காப்பு இவ்வாறு ஒரு துணைவிளைவாகக் கிடைத்தது.

புகைக்கட்டுப்பாடும், எடையும், செலவுமே இம்மாற்றத்தை உந்தின. இந்தியக் கோடை அக்காரணங்களின் வரிசையில் முன்னே நின்றதில்லை. தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் பட்டியலாக எழுதினால் இந்த இடைவெளி கண்ணுக்குப் படாது. கார்புரேட்டரும் எம்பிஎஃப்ஐயும் அதில் இடம்பெறும். அவற்றுக்கிடையே அரை நூற்றாண்டாக இந்தியச் சாலைகளில் வண்டிகளை ஓடவைத்த ஈரத்துணி இடம்பெறாது. காப்புரிமை ஆவணங்கள் கண்டுபிடித்தவரைக் காட்டும். வேறொரு நிலத்துக்காகச் செய்த பொருளைத் தம் நிலத்துக்குப் பழக்கியவர்களைக் காண, பட்டறைகளையும் ஓட்டுநர்களின் நினைவுகளையும் நாட வேண்டும். அம்பாசடரின் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. அந்த எஞ்சினைக் கையால் அறிந்த தலைமுறையும் முதுமை அடைந்துவருகிறது. அவர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்வதற்கான காலம் குறுகிக்கொண்டிருக்கிறது.